கெட்டுப்போன ரவிக்கைத் துணி

அன்புள்ள பிரபு,

போன வாரம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அன்னைக்கு நான் ஒண்ணுமில்லன்னு சொல்லி, அப்புறம் அது தப்பாப் போச்சே, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" குக்கர் கத்துகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. வகுப்பில் எந்தப் பிள்ளை எழுந்து நின்று கேட்டாலும், தெரிந்தால் சொல்லியும் தெரியாவிட்டால் நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியும் பழகியவள் நான். பெற்ற பிள்ளை கேட்டபோது சாக்குச் சொல்லித் தப்பித்தேன். அந்த 'நாளைக்குச் சொல்கிறேன்' இந்தக் கடிதம்தான். அப்பா சனிக்கிழமை தாம்பரம் வந்து உன் அறையில் கொடுப்பார். கூடவே மஞ்சள் பையில் இரண்டு துணிகள் வைத்திருக்கிறேன். அவை எதற்கு என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும்.

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேள்வி உனக்கு ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நாம் போனில் பேசிய மறுநாள் புஷ்பா வந்திருந்தாள். பொத்தேரியில் நீ படித்தபோது மூன்று வருஷம் சாப்பிட்டாயே, ஹாஸ்டலுக்குப் பின்னால் அவளும் ஏழுமலையும் நடத்துகிற கடை, அந்தப் புஷ்பாதான். உன் பழைய விலாசத்தை வைத்து விசாரித்துக்கொண்டே செங்கல்பட்டு வரைக்கும் வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே, "டீச்சரம்மா, வூட்ல கீறீங்களா?" என்றாள். கையில் வாழையிலைப் பொட்டலம், உனக்குப் பிடித்த பரோட்டா. நீ தாம்பரத்தில் இருக்கிறாய் என்றதும் முகம் வாடிவிட்டது. "தம்பி போனே எடுக்க மாட்டேங்குது. எம்மேல இன்னா கோவம்? என்னிக்கோ ஒரு நாளு பரோட்டா கல்லு மாதிரி இருந்துச்சின்னு இன்னும் மனசுல வெச்சிகினு கீதா?" என்று சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழுமலைக்கு முதுகிலும் இடுப்பிலும் திட்டுத் திட்டாக வந்திருப்பதும், சதை எடுத்துப் பார்த்திருப்பதும், பிறகு இன்னொரு டெஸ்டுக்கு அனுப்பி அந்தக் காகிதம் வந்திருப்பதும் உனக்குத் தெரியும். அவள் உன்னிடம் போனில் சொன்னாளாம். நீ, "அக்கா, நான் லேபுல அந்த டெஸ்ட் மிஷினை ஓட்டுறவன். டாக்டர்தான் சொல்லணும்" என்றாயாம். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. "டாக்டர் சொல்லலையா?" என்று கேட்டேன். "சொன்னாரு. நல்ல மனுசன்தான். அவரு பேசப் பேச நான் தலைய ஆட்டிகினே இருந்தேன். வெளிய வந்ததும் இவரு 'இன்னாடி சொன்னாரு?'ன்னாரு. 'நீயும்தான கூட குந்திகினு இருந்த'ன்னேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரில டீச்சரம்மா. திங்கக்கெழம மறுபடி வரச் சொல்லிக்கீறாரு. அதுக்குள்ள கொஞ்சம் தெரிஞ்சிகினு போனா, கேள்வியாவது கேக்கலாம்ல?" என்றாள்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னாள். ஏழுமலை இப்போதெல்லாம் கொத்து பரோட்டாக் கல்லை விட்டு நகர்வதே இல்லையாம். "அந்தச் சத்தத்துல எதுவும் கேக்காதுல்ல, அதான். வாங்கறதுக்கு ஆளே இல்லன்னாலும் கொத்திகினே கீறாரு." அதைக் கேட்டதும் உன்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டேன். "ஞாயித்துக்கிழமை பிரபு உங்க கடைக்கு வருவான் புஷ்பா" என்று சொல்லிவிட்டேன். நீ வருவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. வருவதற்கு முன்னால் உன் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

எனக்கு முதல் திட்டு இடது மேல்கையில் வந்தபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். படர்தாமரை என்று ஒரு வருஷம் களிம்பு தடவினேன். பிறகு ஒவ்வாமை என்றார்கள், சோப்பை மாற்றினேன். நம் ஊரில் தோலில் ஒரு திட்டு வந்தால் பார்க்கிறவர்கள் மனசு முதலில் எந்த வியாதிக்குப் போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருமணி தொழுநோய் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. நான் போய் அந்தச் சோதனையையும் செய்துகொண்டேன். தொடு உணர்ச்சி நன்றாக இருந்தது, அது இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். ஆனாலும் ஆசிரியர் அறையில் என் டம்ளர் மட்டும் ஜன்னல் ஓரத்துக்குப் போயிருந்தது. யார் நகர்த்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் மறைமலை நகர் கம்பெனியில் வெல்டராக இருந்த ஆள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "டம்ளரு ஜன்னலாண்ட இருந்தா காத்தோட்டமா காப்பி குடி. இதுக்கெல்லாம் பேஜாராவாத" என்றார். மறுநாள் எனக்கு மூடி போட்ட ஒரு புது டம்ளர் வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகுதான் முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தேன். பஜாரில் தையற்காரர் "இந்த வெயில்ல எதுக்கு டீச்சர் முழுக்கை?" என்று கேட்டார். அடுத்த தடவையும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் நானே தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தைக்கத் தெரியாது என்பது உனக்கும் அப்பாவுக்கும் தெரியும். நான் வெட்டிக் கெடுத்த துணிகளுக்கு அளவில்லை. தூக்கிப்போட மனசு வராமல் எல்லாவற்றையும் மடித்து பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். அந்தத் தட்டு ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நீ ஆறாவது படித்தபோது, என் பிளஸ் டூ வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இன்னும் இந்த உலகத்துல வராத கிருமிக்குக்கூட நம்ம ரத்தத்துல ஆள் ரெடியா இருக்குமா?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிதான் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான T செல் ஒவ்வொன்றும் கிருமியைத் தொட்டு அறிய மேலே ஒரு ஏற்பியை வைத்திருக்கிறது. வகுப்பில் அதற்குக் 'கை' என்று பெயர் வைத்தேன். அந்தக் கையைச் செய்யும் ஜீன் முழுதாக எழுதி வருவதில்லை. துண்டு துண்டாக, ஒவ்வொரு வகையிலும் பல மாதிரிகளாக வரிசையில் கிடக்கிறது. செல் தன் இளமையில் இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று எடுத்து, நடுவில் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்குச் சேர்க்கிறது, சிலதை விட்டுவிடுகிறது. அதனால்தான் கோடிக்கணக்கான செல்களுக்குக் கோடிக்கணக்கான விதமான கைகள், வராத கிருமிக்கும் சேர்த்து. ஒருமுறை வெட்டியதை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு பிரதிகள் இருந்தாலும், ஒரு பிரதியில் வேலை சரியாக முடிந்ததும் மற்றதைத் தொடாதே என்று செல் தனக்குத்தானே தடை போட்டுக்கொள்கிறது. 'ஒரு செல், ஒரு கை' என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். வீட்டிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சாக்பீஸால் நம் சமையலறைக் கதவில் அதை எழுதி வைத்தாய். வெள்ளையடிக்கும் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது.

நீ பொத்தேரியில் பயோடெக்னாலஜி இரண்டாம் வருஷம் படித்தபோது, சுனாமிக்கு முந்தைய வருஷம், சென்னையில் அந்தத் தோல் டாக்டரம்மா என் திட்டிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். நுண்ணோக்கியில் T செல்கள் கூட்டமாகத் தெரிகின்றன, ஆனால் அது வெறும் ஒவ்வாமைக் கூட்டமா, தோலில் வருகிற ஒருவகைப் புற்றுநோயா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். அதற்குத்தான் ஜீன் டெஸ்ட். ஒவ்வாமை என்றால், திருப்போரூர்த் திருவிழாவுக்கு எல்லா ஊர் ஜனமும் வருகிற மாதிரி விதவிதமான வெட்டுள்ள செல்கள் வந்து சேர்ந்திருக்கும். புற்றுநோய் என்றால் ஒரே செல் பெருகிப் பெருகி, அத்தனை பேரும் அதே ஒருவரின் நகலாக இருப்பார்கள். ரிப்போர்ட்டை நீதான் வாங்கிக்கொண்டு வந்தாய். டாக்டரைப் பார்க்கச் சில நாட்கள் இருந்தன. கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே காகிதத்தை விரித்தாய். ஒரே மாதிரி வெட்டு குவிந்த இடத்தில் முனை எழும்புகிற வரைபடம் அது. கோடு கீழேயே மணல் மாதிரி ஓடிக்கொண்டு போய், அதிலிருந்து இரண்டு முனைகள் நெடுநெடுவென்று எழுந்து நின்றன.

"ரெண்டு பனைமரம் மாதிரி கீது" என்றார் அப்பா.

"அதான்பா விஷயமே!" என்று நீ துள்ளினாய். "ஒரே கூட்டம்னா ஒரு மரம்தான் நிக்கணும். அம்மா, நீயே சொல்லுவியே, ஒரு செல் ஒரு கைன்னு. ரெண்டு மரம்னா ரெண்டு வெட்டு. ரெண்டு வெட்டுன்னா ரெண்டு வேற வேற செல்லு. அப்ப ஒரே ஆளோட நகல் இல்ல. கேன்சர் இல்லம்மா!"

நான் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உன் வாதத்தில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று ஒரு டீச்சராகத்தான் தேடினேன். "சரியாத்தான் இருக்கு" என்றேன். பிரபு, இதை நீ ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிறாய். நீ மட்டும் சொல்லவில்லை. நீ சொன்னதற்கு நான் மார்க் போட்டேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப இன்னாத்துக்கு டாக்டராண்ட போவணும்?" "சும்மா காட்டிட்டு வரலாம்பா" என்றாய் நீ. தெரியாதவர் ஒருவர்தான் நம் மூன்று பேரில் கேட்க வேண்டியதைக் கேட்டார். தெரிந்த நாம் இருவரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் முழுக்கை ரவிக்கைகளை எல்லாம் ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றச் சொன்னேன். அப்பாதான் ஏற்றினார். அரைக்கை போட்டுக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறி மாமல்லபுரம் போனோம். கடல்காற்று மேல்கையில் பட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவு காலம் மூடியிருந்த தோல். வறுத்த மீன் விற்கிற அம்மா ஒருத்தி என் திட்டைப் பார்த்து, "இன்னாம்மா, சூடு பட்டுக்கிச்சா?" என்றாள். "ஆமா, சரியாயிடுச்சு" என்றேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரு, இன்னிக்கு ஹீரோயின் கணக்கா கீற" என்றார். நீ, "நைனா, பப்ளிக்" என்று அவர் மாதிரியே பேசி அவரைக் கேலி செய்தாய். அன்றைக்கு நீ தின்ற மீனுக்குக் கணக்கே இல்லை.

பிறகு டாக்டரம்மாவின் அறை. நீ காகிதத்தை நீட்டுவதற்கு முன்பே விளக்கத்தைத் தொடங்கிவிட்டாய். அவர்கள் குறுக்கிடாமல் முழுதாகக் கேட்டார்கள். பிறகு, "தம்பி, நீங்க சொல்றது கையைப் பத்தி. இந்த டெஸ்ட் கையைப் பார்க்கல. வெட்டின தடத்தைப் பார்க்குது" என்றார்கள். செல் முதலில் ஒரு பிரதியை வெட்டி ஒட்டும். ஒட்டும் இடத்தில் எழுத்துக் கணக்கு தப்பிப்போனால் அந்த ஜீன் அர்த்தமில்லாமல் போய்விடும். பெரும்பாலும் தப்பித்தான் போகும். உடனே செல் மற்ற பிரதியை எடுத்து வெட்டும். அது சரியாக வந்தால் அந்தக் கைதான் வெளியே வரும். கை ஒன்றுதான். ஆனால் முதல் பிரதியில் தோற்ற வெட்டு அழிந்துபோவதில்லை, உள்ளேயே கிடக்கும். அந்தச் செல் பெருகும்போது இரண்டு வெட்டுகளும் சேர்ந்தே நகலாகும். "அதனால ஒரே கூட்டத்துக்கு ரெண்டு மரம் நிக்கலாம். அடிக்கடி நிக்கும்" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "சாதாரணத் தோல் அழற்சியிலயும் சில சமயம் ஒரே கூட்டம் தெரியும். அதனால நான் பேப்பரை மட்டும் வச்சுச் சொல்லல டீச்சர். தோல், மைக்ராஸ்கோப், பேப்பர் மூணும் ஒரே பக்கம் கை காட்டுது. ஆனா ஆரம்ப நிலை. மெதுவா நடக்கிற வகை. வைத்தியம் இருக்கு" என்றார்கள்.

உன் கேள்விக்கு வந்துவிட்டேன். அப்போது எனக்கு எப்படி இருந்தது? ரங்கராட்டினத்தில் மேலே போய்ச் சட்டென்று கீழே வருமே, அப்படி இருந்தது. கோபமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நேராகக் கெட்ட செய்தியைக் கேட்டிருந்தால் ஒருமுறைதான் விழுந்திருப்பேன், இப்போது மேலே ஏறி விழ வேண்டியிருந்ததே என்று கோபம். யார் மேல் என்று பார்த்தால், கரும்பலகையில் பெரிதாக எழுதினேனே அந்த வரி மேல். அது பொய்யான வரி இல்லை. கையைப் பற்றி எழுதியதை வெட்டுக்கும் சேர்த்து நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். அறைக்குள் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து அந்த மூட்டையை அப்பாவை இறக்கச் சொன்னேன். முடிச்சை அவிழ்க்கும்போதுதான் அழுதேன். இதுதான் என் பதில். உன்னை நினைத்து அழவில்லை. கடற்கரையில் கையில் பட்ட காற்றை நினைத்து அழுதேன்.

ஆனால் அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது நடந்ததும் உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய், காதெல்லாம் சிவந்திருந்தது. அப்பா, "அந்தம்மா இன்னா சொல்லிச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். நீ பேசவில்லை. நான் யோசித்துவிட்டு, "நம்ம பீரோவைத் தெறந்தா, நான் வெட்டிக் கெடுத்த பச்சைத் துணி ஒண்ணு இருக்கும், போட்டுக்கிற நீல ரவிக்கை ஒண்ணு இருக்கும். ரெண்டுலயும் கத்தரி பட்டிருக்கு. அதுக்காக இந்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்கன்னு அர்த்தமா?" என்றேன். அப்பா, "இல்ல. ஒரே பொம்பள. தைக்கத் தெரியாத பொம்பள" என்றார். எதிர் சீட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். பிறகு அவர் மெதுவாக, "அப்ப ரெண்டு மரமும் ஒரே ஆளுதுதான்" என்றார். புரிந்துவிட்டது அவருக்கு. புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார், செங்கல்பட்டு வரைக்கும் விடவில்லை.

அந்த நேரத்தில் நீ இந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் பிரபு. திரும்பவே இல்லை. அன்றிலிருந்து என் வியாதியைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்த நீளக் குழல்விளக்குகள் எரிகிற பெட்டிக்குள் நிற்க வாரம் தவறாமல் சென்னைக்குப் போனேன். அன்று பொழுது சாயும் வரைக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. பிள்ளைகள் "டீச்சர், ஷூட்டிங் எப்ப?" என்று கேட்டார்கள். டம்ளரை நகர்த்தியவர்கள்கூட அருகில் வந்து எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். நீ துணைக்கு வருவாய், கூடவே ஒரு புத்தகமும் வரும். ஒருநாள் ரயிலில், "பிரபு, வெளிச்சம் எப்படிடா அந்தச் செல்லை மட்டும் சாகடிக்குது?" என்று கேட்டேன். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். "டாக்டரைக் கேளும்மா" என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, தனியாகப் படித்துக்கொண்டேன். நீ தப்பாகச் சொன்ன அந்தச் சில நாட்களில் எனக்குத் துணைக்கு ஒரு ஆள் இருந்தது. நீ தப்பே சொல்லாத அடுத்த வருஷங்களில் அந்த ஆள் இல்லை. எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டால், இரண்டாவதுதான்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ படிப்பு முடித்து எத்தனையோ வேலை இருக்க, அதே டெஸ்ட் செய்கிற லேபில் போய்ச் சேர்ந்தாய். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. வேலைக்குப் போன புதிதில் ஒருநாள், "அம்மா, அந்த ஒரு செல் ஒரு கைகூட முழுசா சரியில்ல. கையில ரெண்டு பாகம் இருக்குல்ல, அதுல ஒரு பாகத்துக்குத் தடை அவ்வளவு கறார் இல்லியாம். சில செல்லு ரெண்டு கையோடவே திரியுதாம்" என்றாய். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் எழுதிய வரியை நீ திருத்தினாய் என்பதற்காக மட்டும் இல்லை. நீ மறுபடி என்னிடம் ஒன்றை விளக்கினாயே, அதற்காக. என் திட்டுகள் இப்போது மங்கிவிட்டன. எப்போதாவது ஒன்று எட்டிப் பார்க்கும், போய்க் காட்டிவிட்டு வருவேன். வியாதி என்னோடு இருக்கிறது, நானும் இருக்கிறேன். வெயில் காலத்தில் அரைக்கைதான் போடுகிறேன்.

ஏழுமலைக்கு வருகிறேன். அவர் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. புஷ்பா நீட்டினாள், நான் வாங்கவில்லை. அதில் என்ன நின்றாலும், கேன்சர் என்றோ இல்லை என்றோ நீ சொல்லாதே. அது டாக்டரின் வேலை என்று நீ சொன்னது சரிதான். அந்தக் காகிதம் எப்படி உண்டாகிறது என்று சொல்வது யாருடைய வேலை? அவர்கள் கடையில் மூன்று வருஷம் சாப்பிட்ட, அந்த மிஷினைத் தினமும் தொடுகிற ஒருவன் அதைச் சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல். பயப்படாதீங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொன்னால் அவர்கள் பயத்தை உன்னிடம் காட்டாமல் மறைத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு அவர்களோடு போ. உள்ளே கூப்பிட்டால் போ, இல்லையென்றால் வெளியே பெஞ்சில் இரு. அவர்கள் வெளியே வரும்போது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒருவர் உட்கார்ந்திருப்பது பெரிய விஷயம். நான் அந்தப் பெஞ்சிலிருந்து வந்தவள், எனக்குத் தெரியும்.

மஞ்சள் பையில் இருப்பது அந்தப் பச்சைத் துணியும் நீல ரவிக்கையும்தான். கழுத்துக்கு வெட்ட வேண்டிய இடத்தில் கைக்கு வெட்டி வைத்திருக்கிறேன், பார்த்தால் நீயும் சிரிப்பாய். கடையில் கூட்டம் இல்லாத மூன்று மணிக்குப் போ. ஏழுமலையை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரச் சொல். பரோட்டா மாவு போடுகிற அந்த மேஜையைத் துடைத்து, இரண்டு துணியையும் விரித்துப் போட்டு, உனக்குத் தெரிந்ததைச் சொல். சொல்லி முடித்ததும், "இப்ப உங்களுக்குப் புரிஞ்சதை நீங்க எனக்குச் சொல்லுங்க அக்கா" என்று புஷ்பாவைக் கேள். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்காதே.

அன்புடன்,
அம்மா